மெழுகு டாக்டர்

அவர் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. மெழுகு டாக்டர் என்பது எங்கள் அணிப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நேரில் ‘மாஸ்டர்’ என்போம். இதை எழுதும்போதும் ‘அவர்’ என்றுதான் கை போகிறது. வயதில் மூத்தவரை ‘அவன்’ என்று எழுத என் வளர்ப்பு விடவில்லை. மற்றபடி அந்த ஒரு எழுத்து மரியாதைக்கும் அந்த மனிதர் தகுதியானவர் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் ஹாக்கி மட்டை பிடிக்கவும் தெரிந்திருந்த காலம். நான் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அணியில் ஆடினேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதன் முதலாளிக்கு ஹாக்கி என்றால் உயிர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். மட்டை, சீருடை, வெளியூர் போனால் சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. மாஸ்டர் அந்த ஆபீசில் வேலைக்கு வருகிறவர்களின் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார். விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை சொல்லித்தரும் பதினைந்து நாள் முகாம் ஒன்று சென்னையில் நடந்தது. ‘யாராவது ஒருத்தன் போய்ட்டு வாங்கல’ என்று அண்ணாச்சி சொல்ல, எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் ஒருவர் அங்கே தயாராக இருந்தார்.

திரும்பி வந்ததும் மாஸ்டர் முதலில் செய்த காரியம் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டது. இரண்டாவது காரியம், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கியது. அந்த ஷூவில் ஒரு பொட்டுக் கரிசல் மண் ஒட்டி நான் பார்த்ததில்லை. மைதானத்தில் ஒருவன் விழுந்து கிடந்தால் இவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ‘தூக்கிட்டு வாங்கல’ என்பார்.

அந்த முகாமில் மெழுகுக் குளியல் என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இறுகிப்போன பழைய மூட்டுகளை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து, துணியால் சுற்றி வைத்தால் இளகிக் கொடுக்குமாம். இதை மாஸ்டர் வந்து சொன்ன அன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அண்ணாச்சியின் முகம் தீபாவளி போல ஆகிவிட்டது.

“மெழுகா? நம்ம குச்சி முக்குத மெழுகா?”

“அதேதான் அண்ணாச்சி. வெளிநாட்டுல இதான் வைத்தியமாம்.”

தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில் முக்குவார்கள். அதற்காக ஆபீசில் மெழுகுப் பாளம் அடுக்கிக் கிடக்கும். தன் வீட்டுச் சரக்கு வெளிநாட்டு வைத்தியம் என்று கேட்ட மாத்திரத்தில் அண்ணாச்சி, பாளம் போடும் கொட்டடியில் பாதியைத் தடுத்து அறை ஆக்கிவிட்டார். ஒரு கட்டில், ஒரு சிவப்பு விளக்கு, வலிக்கிற சதைக்கு லேசாகக் கரண்ட் கொடுக்க மதுரையிலிருந்து வந்த மிசின் ஒன்று, நடுவில் மெழுகுச் சட்டி. ஆயுத பூசைக்குச் சட்டிக்குச் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தார்கள். விருந்தாளி யார் வந்தாலும் அண்ணாச்சி முதலில் அங்கேதான் கூட்டிவருவார்.

அன்றிலிருந்து தலைவலிக்கு மட்டும்தான் மெழுகு இல்லை. கணுக்கால் பிசகினாலும் மெழுகு, தொடைச் சதை இழுத்துக்கொண்டாலும் மெழுகு, விரல் நசுங்கினாலும் மெழுகு. முகாமில் மெழுகோடு எண்ணெய் கலந்து சூட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் முதல் நாள் எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கப்போனபோது அண்ணாச்சி, “கலப்படம் எதுக்கு? நம்மது சுத்தமான சரக்குல்லா” என்றாராம். பாட்டில் மூடியது மூடியதுதான். அந்த அணியில் ஆடிய எவனுடைய காலையும் இன்றைக்கு வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கொப்புளத் தழும்பு ஒன்றாவது இருக்கும்.

மாஸ்டரின் வைத்தியம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கட்டிலில் நம்மைப் படுக்க வைப்பார். வலிக்கிற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்துவார். ‘வலிக்கா?’ என்பார். இதுவரை எல்லா வைத்தியரும் செய்வதுதான். ஆனால் கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க மாட்டார். எதிரே நாற்காலியில் இருக்கும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்ப்பார். அண்ணாச்சி கவலையாக இருந்தால், ‘லேசா இருக்கு, சனிக்கெழமைக்குள்ள சரியாயிரும்.’ அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தால், ‘சரியாப் போச்சு.’ கட்டிலில் கிடக்கிறவன் ‘ஐயோ’ என்று கத்தியிருப்பான், அது வேறு விஷயம். போட்டிகள் சனிக்கிழமைகளில் நடந்தன. அதனால் முட்டிக்கும் கணுக்காலுக்கும் தோள்பட்டைக்கும் குணமாகிற நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

ஒரு நாள் கயத்தாற்றிலிருந்து நாலைந்து பெரிய மனிதர்களை அண்ணாச்சி அழைத்து வந்தார். என் தோளில் கரண்ட் மிசினின் பட்டைகளை ஒட்டி மாஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. பகல் வெளிச்சம், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பாட்டுக்குக் குமிழைத் திருகுகிறார். “இப்ப நல்லா ஏறுதுல்லா?” என்கிறார், பெரிய மனிதர்களைப் பார்த்து. நான் செத்த மிசினோடு இருபது நிமிஷம் படுத்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினைந்து நாளும் சென்னையில் தூங்கிவிட்டு வந்த முட்டாள் என்று நினைத்தேன். முட்டாள்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது.

புதூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் எங்களுக்குக் கோல்கீப்பர். அவன் கை விரலில் பந்து பட்டு வீங்கியபோது, சர்பத் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாஸ்டர் அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். “ஐஸு வச்சா நரம்பு சுருங்கிப் போகும்ல. ஆயுசுக்கும் கை விளங்காது” என்றார். அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கோல்கீப்பர் விரலை மெழுகில் விட்டான். மறுநாள் அது கத்தரிக்காய் அளவுக்கு இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் மே மாதம் எனக்குத் திருச்சியில் ரயில்வே தேர்வு இருந்தது. விளையாட்டுக்காரர்களுக்கான இடம். ஓடவிட்டு, ஆடவிட்டுப் பார்ப்பார்கள், தேறினால் வேலை. எங்கள் வீட்டில் நாலு பேர் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினார்கள். பசையில் ஊறி அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. அந்த ரயில்வே வேலையைத் தவிர எனக்கு மனதில் எதுவும் இல்லை. தேர்வுக்குப் போக அணி முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அண்ணாச்சி தருவதாகச் சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என் இடது கணுக்கால் போனது. எங்கள் மைதானத்தில் ஆடுகிற இடத்துக்கு மட்டும் செம்மண் அடித்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினால் கரிசல். வெயில் காலத்தில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும், கால் முழுசாக இறங்குகிற அளவுக்கு. வெளியே போன பந்தை விரட்டிக்கொண்டு போய் ஒரு வெடிப்பில் காலை விட்டேன். உடம்பு முன்னால் போனது, கால் அங்கேயே நின்றுவிட்டது. கணுக்கால் வெளிப்புறம் ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

தூக்கிக்கொண்டு போனார்கள். மெழுகு தயாராக இருந்தது. புதிதாக வீங்குகிற காலை அந்தச் சட்டியில் முக்கினார்கள், ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. ராத்திரிக்குள் கணுக்கால் எங்கே, கெண்டைக்கால் எங்கே என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டது. ஒரு வாரம் தினமும் போனேன். வீக்கம் வற்றவில்லை, மேலே கொப்புளம்தான் புதிது. அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். ‘பையன் எறங்குவானா?’ என்று அண்ணாச்சி கேட்க, ‘எறங்குவான் அண்ணாச்சி’ என்று மாஸ்டர் என் சார்பில் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எட்டயபுரம் போகும் ரோட்டில் இருந்தது வீடு. சனிக்கிழமை ஆட்டத்திலிருந்து மட்டும் என்னை விடுவிக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் பேசும்படி கேட்பது என் எண்ணம். கெஞ்சத்தான் போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். வலது கணுக்காலில் கால் விரலிலிருந்து மேல் நோக்கி அழகாகச் சுற்றிய பட்டைத் துணி. தரையில் புளியங்கொட்டைகள். அவள் ஒவ்வொரு கொட்டையாகக் கால் விரலால் இடுக்கி எடுத்து ஒரு தம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் குதிகாலைக் கையில் தாங்கிப் பிடித்திருந்தவர் எங்கள் மாஸ்டர்.

“வலிக்கா பிள்ள?” என்றார். அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இல்லப்பா. நேத்து மாதிரிதான்.”

“கூடுச்சின்னா ஒடனே நிறுத்திரணும். நேத்துச் செஞ்சதுக்குத் திரும்பிப் போயிரணும். பல்லைக் கடிச்சிக்கிட்டுச் செய்யக் கூடாது.”

இரண்டு வருஷம் அந்த மனிதரின் கட்டிலில் கிடந்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, சட்டையை எடுக்க உள்ளே போனார். அந்தப் பெண் வெள்ளந்தி. ‘ஒங்களுக்கும் காலா அண்ணே?’ என்று ஆரம்பித்து, நான் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடும்போது பிசகியதாம். மூன்று வாரம் ஆகிறதாம். முதல் இரண்டு நாளும் அப்பா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாராம், கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம், எடுத்துவிட்டுப் பிறகு மறுபடியும். கால் எப்போதும் இரண்டு தலையணைக்கு மேலேயே இருந்ததாம். தரையில் ஊன்றவே விடவில்லையாம். வீக்கம் வற்றிய பிறகு கட்டை விரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொன்னாராம். ஃ வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை.

“இப்ப சைக்கிள் டியூப்ப கால்ல மாட்டி இழுக்கச் சொல்லுதாவ. அடுத்த வாரம் தலையணை மேல ஒத்தக் கால்ல நிக்கணும், கண்ண மூடிக்கிட்டு. அது வந்தாத்தான் ஓட விடுவாவளாம். மொதல்ல நேரா. பொறவு எட்டுப் போட்டு.”

“மெழுகு வச்சாரா?”

“மெழுகா? வீங்குன காலுக்குச் சூடு வச்சா இன்னும் வீங்கும்லா அண்ணே” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவரை வாசலுக்கு வெளியே வைத்துக் கேட்டேன்.

“எல்லாம் தெரிஞ்சிருக்கு மாஸ்டர் ஒங்களுக்கு. எனக்கு ஏன் செய்யல?”

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அவ ஒரு மாசம் ஆடலன்னா ஒருத்தனும் கேக்கப் போறதில்ல. நீ ஒரு சனிக்கெழம உக்காந்தா அண்ணாச்சி என்னத்தான கேப்பாவ. நான் என்னன்னு சொல்லுவேன்?”

“மெழுகு ஆகாதுன்னு சொல்லுங்க.”

“ஊர் பூரா கூட்டியாந்து காட்டுத சாமானம்ல அது. ஆகாதுன்னு சொல்லிட்டு அங்கன நான் எப்பிடி நிக்க?”

அந்த இடத்தில்தான் என் சிரிப்பு நின்றது. தெரியாமல் காலைக் கெடுக்கிறவனை விட்டுவிடலாம். இவர் முகாமில் ஒரு நாளும் தூங்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, புரிந்துகொண்டு, தன் வீட்டுக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறார். கோல்கீப்பரின் ஐஸை வாசலில் எறிந்த கை, மகளுக்குக் கடிகாரம் வைத்து ஐஸ் ஒற்றியிருக்கிறது. எங்கள் ஒவ்வொருவருடைய காலையும் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே அந்தச் சட்டியில் முக்கியிருக்கிறார். எனக்கு அந்த வெள்ளை ஷூவின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அச்சுப் பிழையான தீப்பெட்டி லேபிள் தாள், பின்பக்கம் வெள்ளை. சுவரில் வைத்து மளமளவென்று எழுதினார். முதலில் ஐஸ், பிறகு கட்டு, பிறகு காற்றில் எழுதுவது, புளியங்கொட்டை, டியூப், தலையணை. எந்த நாளில் எது, வலி கூடினால் என்ன, எல்லாம் வரிசையாக. நல்ல கையெழுத்து.

“சனிக்கெழம மட்டும் எறங்கிரு. கட்டு நான் நல்லாப் போட்டு விடுதேன். பொறவு இத வீட்டுல வச்சிச் செய்யி. ஆபீசுக்கும் வந்து மெழுகு எடுத்துக்கோ, இல்லன்னா சந்தேகம் வரும். யார்ட்டயும் காட்டிராத.”

நான் தாளை வாங்கி, அவர் முகத்துக்கு நேரே நாலாகக் கிழித்துப் போட்டேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கினார். காற்றில் பறந்து போய் யார் கையிலாவது அகப்பட்டுவிட்டால்?

அந்தத் தாளில் இருந்தது அத்தனையும் சரி. சனிக்கிழமையை விட்டுவிட்டு மீதியைச் செய்திருந்தாலே என் கால் பாதி தேறியிருக்கும். அந்தப் பெண் சொன்னதுகூட எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் அவர் சொல்லி எதையும் செய்வதில்லை என்று ஒரு வீம்பு. இருபத்திரண்டு வயதுக் கொழுப்பு அது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, எவ்வளவு ஆசை இருந்தாலும்.

சனிக்கிழமை இறங்கினேன். இறங்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: கடிதத்தில் அண்ணாச்சி இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இறுக்கிக் கட்டிய கட்டோடு ஒரு கோல்கூடப் போட்டேன். அதுதான் கேடு. அடுத்த சனிக்கிழமையும் ஆடச் சொன்னார்கள், அதற்கடுத்த சனிக்கிழமையும். தினமும் மெழுகுக்கும் போனேன். அவர் முக்குவார், நான் கூரையைப் பார்ப்பேன்.

கடைசியில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார், திருச்சிக்குப் போனேன். நேராக ஓடும்போது கால் ஒத்துழைத்தது. முதல் பாதியில் நன்றாகவே ஆடினேன், தேர்வாளர்களில் ஒருவர் என் எண்ணைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் கோலை நோக்கி இடது பக்கம் திரும்பினேன். என்னை யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில் ஆளே இல்லை. கால் தானாக மடிந்தது. வெற்றுத் தரையில் விழுந்தேன். எழுந்து நிற்கப் பார்த்து மறுபடியும் விழுந்தேன்.

ஊர் திரும்பிய நாலாம் நாள் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மெழுகு அறையில் அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். மாஸ்டர் சட்டிக்குப் பக்கத்தில். அணிக்காரர்கள் ஆறேழு பேர் சுவரோரம். எனக்குக் கட்டிலில் இடம் கொடுத்தார்கள்.

“ரயில்வே போனாப் போகுது விடுல” என்றார் அண்ணாச்சி. நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். “இங்கனயே லோடு ஏத்துத எடத்துல மேற்பார்வைக்கு ஒரு ஆளு வேணும். திங்கக்கெழம வந்து சேந்துக்கோ. ஒங்க அம்மாட்டயும் சொல்லிரு.” பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். “ஏம்பா, இத்தன நாளு வைத்தியம் பாத்தும் கால் ஏன் இப்பிடிப் போச்சு?”

மாஸ்டர் கண்ணை இமைக்கவில்லை. “பையன் மெழுகுக்கு ஒழுங்கா வரல அண்ணாச்சி. நாலு நாளு வந்தான். பொறவு நின்னுட்டான்.”

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், நான் ஒரு நாள் தவறவில்லை என்று. காலுறையைக் கழற்றிக் காட்டினால் போதும், கொப்புளத்தின் மேல் கொப்புளமாக அது தானே சொல்லும். புளியங்கொட்டைக் கதையைச் சொன்னால் மாஸ்டர் அந்த நிமிஷமே காலி. ஐந்து வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த வசவு முழுவதும் தொண்டையில் இருந்தது.

“அப்பிடியால?” என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். தன் மெழுகின் மேல் தப்பில்லை என்று கேட்கப்போகிற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

“ஆமா அண்ணாச்சி” என்றேன். “எந் தப்புதான்.”

அண்ணாச்சி என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்போது மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், அந்தக் கட்டிலில் நான் கிடந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. கேலி இல்லை, நன்றியும் இல்லை. தூரத்துச் சொந்தக்காரனை பஸ் ஸ்டாண்டில் கண்டுகொண்டவர் மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். எனக்குக் கூசியது. ஆனாலும் திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன்.